கோவில் ஆர்கனும் நம்முடைய ஆர்மோனியமும்



ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான். "படங்களிலே காட்டுகிற வெளிநாட்டுக் கோவில்களில் மேல்மாடத்தில் வெள்ளிக் குழாய்கள் சுவர் உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றனவே, அவை என்ன? நம் கோவிலில் ஏன் இல்லை?" என்றான். தண்ணீர்க் குழாய் என்று பக்கத்திலிருந்தவன் சொல்ல, வகுப்பு முழுதும் சிரித்தது. கேட்டவனுக்கு அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இந்த வாரம் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு மாத்திரமல்ல, பெரியவர்களுக்கும் இது பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் பாடற்குழுவின் பக்கத்தில் இருக்கிற ஆர்மோனியப் பெட்டியை வருஷம் முழுவதும் கேட்கிறோமேயொழிய, அது எங்கிருந்து வந்தது, எதனுடைய பிள்ளை என்று நம்மில் யாரும் விசாரித்ததில்லை.

முதலில் அந்தக் குழாய்கள் என்ன என்று பார்ப்போம். அவை தண்ணீர்க் குழாயும் அல்ல, அலங்காரத்துக்கு நிறுத்தியவையும் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு புல்லாங்குழல். நம் ஊர்ப் புல்லாங்குழலில் ஒரே குழலில் பல துளைகளை வைத்து, விரலால் மூடித் திறந்து பல ஸ்வரங்களை எடுக்கிறோம். ஆர்கனில் அப்படியில்லை. ஒரு குழலுக்கு ஒரே ஒரு ஸ்வரம். ஆகையால் எத்தனை ஸ்வரம் வேண்டுமோ அத்தனை குழல் வேண்டும். குழல் நீளமானால் சத்தம் தாழ்ந்து கனமாக வரும். குட்டையானால் கீச்சென்று வரும். எட்டடி நீளக் குழலும் உண்டு, பதினாறடிக் குழலும் உண்டு, சுண்டுவிரல் அளவுக் குழலும் உண்டு. சில மரத்தாலும், சில ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலும் ஆனவை.

இத்தனை குழல்களையும் ஊத எந்த மனிதனுக்கு வாய் உண்டு? அதற்குத்தான் துருத்தி. கொல்லன் பட்டறையில் உலையை ஊதுகிற துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற பெரிய துருத்தியால் காற்றை ஒரு பெட்டியில் நிரப்புகிறார்கள். அந்தக் காற்றுப்பெட்டியின் மேல் குழல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மூடி. வாசிக்கிறவர் ஒரு கட்டையை அமுக்கினால், அதற்குரிய மூடி திறந்து காற்று குழலுக்குள் ஏறுகிறது, குழல் பாடுகிறது. விரலை எடுத்தால் மூடி அடைத்துக்கொள்கிறது. குழல்களில் பல சாதி உண்டு. ஒரு சாதிக் குழல் முழுவதையும் பேச வைக்கவோ, பேசாமல் நிறுத்தவோ பக்கத்தில் இழுக்கும் பிடிகள் உண்டு. நம் ஆர்மோனியத்தின் முகப்பில் இழுத்துத் தள்ளுகிறோமே, ஸ்டாப் என்று, அது அங்கிருந்து வந்த பழக்கந்தான்.

மின்சாரம் வருவதற்கு முன் துருத்தியை மிதிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மேலே ஒருவர் வாசிக்க, பின்னால் இருட்டில் இரண்டு மூன்று பேர் வியர்க்க வியர்க்கத் துருத்தி மிதிப்பார்கள். வாசித்தவர் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. மிதித்தவர் பெயரை அவ்வளவாக எழுதவில்லை.

இந்தக் கருவி கோவிலில் பிறந்ததன்று. சேசுநாதர் பிறப்பதற்கு முன், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா பட்டணத்தில் தெசீபியுஸ் என்ற ஒரு நாவிதர் மகன் இதை முதலில் செய்தார் என்பது பழைய ஆசிரியர்கள் சொல்லும் செய்தி. காற்றைச் சீராக வைத்திருக்க அவர் தண்ணீரின் கனத்தைப் பயன்படுத்தினார். பிற்பாடு ரோமாபுரியார் இதை விளையாட்டு அரங்கங்களில், மனிதரும் மிருகங்களும் மோதிக்கொள்ளும் இடங்களில் வாசித்தார்கள். அத்தகைய இடத்தில் ஒலித்த வாத்தியத்தை ஆதிக் கிறிஸ்தவர்கள் கோவிலுக்குள் விடுவார்களா? பல நூற்றாண்டுகள் விடவில்லை. 757-ம் வருஷம் கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிரான்க் அரசன் பெப்பினுக்கு ஓர் ஆர்கனை வெகுமதியாக அனுப்பினார். 826-ல் வெனிஸைச் சேர்ந்த ஜார்ஜியுஸ் என்ற ஒரு குருவானவர் ஆக்கென் அரண்மனைக்கு ஒன்று செய்து கொடுத்தார். அதற்குப் பின்புதான் மடங்களிலும் கோவில்களிலும் அது மெல்ல மெல்ல நுழைந்தது. சுவிட்சர்லாந்தில் சியோன் என்ற ஊரில், மலைமேல் உள்ள வலேர் கோவிலில், ஏறக்குறைய 1435-ல் செய்த ஆர்கன் இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது. நம் பக்கத்தில் நாயக்கர் ஆட்சி தோன்றுவதற்கு முந்திய கருவி அது!

திருச்சபை இதை ஏன் ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், காரணம் எளிது. அதற்கு மூச்சு இருக்கிறது. நாம் பாடுவதும் காற்றினால், அது பாடுவதும் காற்றினால். நாதசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார் அல்லவா? ஆயிரம் பேர் பாடுகிற கோவிலில் ஆர்கன் அந்த வேலையைச் செய்கிறது. பாடுகிறவர்களுக்கு மூச்சு முட்டும், அதற்கு முட்டாது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். அக்பர் பாதுஷா ஹாஜி ஹபீபுல்லா என்பவரைச் சில கைவினைஞர்களோடு கோவாவுக்கு அனுப்பி, அங்குள்ள புதுமையான பொருள்களைக் கொண்டுவரச் சொன்னார். அவர் கொண்டுவந்தவற்றில் ஓர் ஆர்கனும் இருந்தது. 1580-ம் வருஷத்தையொட்டிப் பத்தேபூர் சிக்ரியில் அதை வாசித்துக் காட்டினார்கள். அந்தச் சபையில் நடந்தவற்றை எழுதி வைத்த பதாயூனி, ஆளுயரப் பெட்டி ஒன்று இருந்ததாகவும், ஒரு பரங்கி அதை வாசித்ததாகவும், வேறு இருவர் வெளியே நின்று மயிலிறகு போன்ற எதையோ இயக்கியதாகவும், விதவிதமான நாதம் கேட்டதாகவும், சபையோர் பிரமித்துப்போனதாகவும் சொல்லுகிறார். அவர் கண்ட மயிலிறகு துருத்தியின் பாகமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அதே 1580-ல்தான் சங். ருதோல்பு அக்வாவீவா சுவாமியும் அவருடைய சேசுசபைத் தோழர்களும் அக்பர் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் குழல் ஆர்கன்கள் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தோடும், அதிலும் ஆங்கிலேயர் கட்டிய கோவில்களோடும் நின்றுவிட்டன. எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர் 1821-ல் திறந்த அந்திரேயா கோவில் இருக்கிறதே, கிணறுகளை அஸ்திவாரமாக இறக்கி அதன்மேல் கட்டிய கோவில், அதில் உள்ள ஆர்கனை இங்கிலாந்து ஹடர்ஸ்பீல்டில் கோனாக்கர் கம்பெனியார் 1883-ல் செய்தார்கள். பட்டணத்துக்குப் போகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

நம் சிவகங்கைச் சீமைக்கு அது ஏன் வரவில்லை? அர்ச். அருளானந்தர் 1693-ல் ஓரியூரில் இரத்தம் சிந்திய காலத்தில் நம் பக்கத்துக் கோவில்கள் மண்சுவரும் கூரையுமாக இருந்தவை. பிற்பாடு கல்கோவில் எழுந்தபோதும் ஆர்கன் என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற காரியம். விலை ஒன்று, கப்பலில் கொண்டுவந்து மாட்டுவண்டியில் ஏற்றுவது இன்னொன்று. அதையெல்லாம் சமாளித்தாலும் நம் ஊர் வெயிலும் ஐப்பசி மழையும் விடுமா? சித்திரையில் மரம் காய்ந்து வெடிக்கும். மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு மூடிகள் சிக்கும். துருத்தித் தோலை எலி கடிக்கும், மரத்தைக் கரையான் தின்னும். இவை போதாவென்று, கெட்டுப்போனால் சரிசெய்யத் தெரிந்தவன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தான். இந்தக் கடைசிக் காரணத்தை மறவாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆகையால் நமக்கு வந்தது ஆர்கனின் பிள்ளை. பாரீஸ் நகரில் அலெக்ஸாந்தர் தெபேன் என்பவர் 1842-ல் ஆர்மோனியம் என்ற பெயரில் ஒரு கருவிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதில் துருத்தி உண்டு, கட்டை உண்டு, ஸ்டாப் உண்டு; குழல் மாத்திரம் இல்லை. குழலுக்குப் பதிலாகப் பித்தளை நாக்குகள். காற்று போகும்போது அந்த நாக்கு அதிர்ந்து பேசுகிறது. இதைத்தான் நாம் ரீட் என்கிறோம். (சீன தேசத்தில் இத்தகைய நாக்குகளை மூங்கில் குழல்களில் வைத்து வாயால் ஊதும் ஷெங் என்ற வாத்தியம் மிகப் பழைய காலந்தொட்டு உண்டு. ஐரோப்பியர் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.) குழல் போனதனால் ஒரு வீட்டளவு கருவி ஒரு மேசையளவாகச் சுருங்கியது. குருக்கள் அதைத் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கப்பலில் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்து வாசிக்கும் அந்தக் கால்பெட்டியைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

நம் தேசத்தவர் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். 1875-ம் வருஷத்தையொட்டிக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவர் அந்தக் கருவியின் காலை வெட்டி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, ஒரு கையால் ஊதி மறு கையால் வாசிக்கும்படி செய்தார். அந்தக் கைப்பெட்டிதான் நாடகக் கொட்டகைக்கும் பஜனை மடத்துக்கும் நம் கோவிலுக்கும் வந்தது. சங்கீத வித்வான்களுக்கு அதன்மேல் கோபம் உண்டு. கமகம் வராது, ஸ்வரம் படிக்கட்டு மாதிரி நிற்கும் என்பார்கள். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரையில் அதை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. வித்வான்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சங்கீதம் படிக்காத முந்நூறு பேரை ஒரே சுருதியில் பாட வைப்பதற்கு அதைவிட மலிவான துணை கிடைத்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் வெயிலும் மழையும் உள்ள நாட்டில் குழல் ஆர்கன் பிழைக்கவே பிழைக்காதா? பிழைத்த இடங்கள் உண்டு. ஒன்றை நம் ஊர்க்காரர் பலர் நேரிலேயே பார்த்திருக்கலாம். சிங்கப்பூரைச் சொல்லுகிறேன்.

நம் பக்கத்து நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி போட்டு நடத்திய ஊர் அது. இன்றைக்கும் நம் பங்குக் குடும்பங்களில் அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-ல் எழுந்த லூர்து மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போவதாக எழுதுகிறார்கள். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் நல்லாயன் மேற்றிராசனக் கோவில் இருக்கிறது. 1847-ல் திறக்கப்பட்ட கோவில். அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கொரியா தேசத்தில் கலாபனை நடந்தபோது மேற்றிராணியார் அர்ச். லவுரென்சியு இம்பேர், தம்முடைய மக்கள் மேலும் வதைபடாதபடிக்குத் தம்மைத் தாமே ஒப்புவித்தார். நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்ற வேத வசனத்தை நினைப்பூட்டி, தம் கீழிருந்த இரண்டு குருக்களுக்கும் அப்படியே செய்யும்படி எழுதினார். மூவரும் 1839-ல் தலை வெட்டுண்டார்கள். சிங்கப்பூரில் கோவில் கட்டும்போது அந்த வசனமே கோவிலுக்குப் பெயராயிற்று.

இந்தக் கோவிலுக்கு லண்டன் பெவிங்டன் கம்பெனியார் செய்த குழல் ஆர்கன் ஒன்று வந்து, 1912-ம் வருஷம் அக்டோபர் 20-ல் மந்திரிக்கப்பட்டு முதல்முதலாக ஒலித்தது. நம் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆர்கன்தான் இன்று சிங்கப்பூரில் உள்ள குழல் ஆர்கன்களில் மூத்தது. 1942-ல் ஜப்பானியர் குண்டு போட்டபோது அந்தக் கோவில் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தது. ஆர்கன் அந்த நாட்களையும் கண்டது. நூறு வருஷத்துப் புழுக்கம் சும்மா விடுமா? அதுவும் தளர்ந்தது. கோவிலே விரிசல் கண்டு, 2013 முதல் 2016 வரை பெரிய மராமத்து நடந்து, 2016 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். அப்போது ஆர்கனையும் செப்பனிட வேண்டியிருந்தது.

செப்பனிட்டவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். லண்டன்காரர் அல்லர். பிலிப்பைன் தீவுகளில் மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பீஞாஸ் என்ற ஊரிலுள்ள ஒரு பட்டறைக்காரர். பட்டறையின் பெயர் தியேகோ செரா. அது ஒரு பங்குச் சாமியாருடைய பெயர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள இருநூறு வருஷம் பின்னுக்குப் போக வேண்டும்.

சங். தியேகோ செரா சுவாமி ஸ்பெயின் தேசத்தில் 1762-ல் பிறந்தவர். அகுஸ்தீனார் சபையில் ரெக்கொலேத்து என்ற பிரிவைச் சேர்ந்தவர். 1795-ல் லாஸ் பீஞாஸ் பங்குக்கு விசாரணைக் குருவாக வந்தார். ஏழைச் செம்படவர்களும் குடியானவர்களும் இருந்த கடற்கரை ஊர். சாலை போட்டார், பாலம் கட்டினார், கல்லால் கோவில் எழுப்பினார். ஆர்கன் செய்யவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஈயத்துக்கும் நல்ல மரத்துக்கும் பணம் எங்கே? ஊரில் தாராளமாக வளர்ந்து நின்றது மூங்கில். மூங்கிலாலேயே குழல் செய்யத் துணிந்தார்.

மூங்கில் வெட்டிய உடனே உதவாது. பொடிவண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும். பந்தல்கால் நட்டவர்களுக்கு இது தெரியும். நம் பக்கத்தில் குளத்தில் ஊறப் போடுவார்கள். செரா சுவாமி 1816-ல் மூங்கில்களை வெட்டிக் கடற்கரை மணலில் பல மாதங்கள் புதைத்து வைத்தார். வண்டு தேடி வருகிற இனிப்புச் சாறு போய்விட்டது. உளுத்துப்போகிறவை மணலுக்குள்ளேயே உளுத்தன. தப்பிய மூங்கிலை மாத்திரம் எடுத்துக் குழல் செய்தார். 1821-ல் ஆர்கன் பாடத் தொடங்கியது. எக்காளம் போல் முழங்க வேண்டிய குழல்களை மட்டும் மூங்கிலில் செய்ய முடியவில்லை. அவற்றை உலோகத்தில் செய்து 1824-ல் வேலையை முடித்தார். மொத்தம் 1031 குழல். அதில் 902 மூங்கில், 129 உலோகம். பிள்ளைகள் சந்தோஷப்படுவதற்கு இன்னொன்று: தண்ணீருக்குள் காற்றை விட்டுக் குருவி கத்துவது போலச் சத்தமிடும் சிறு குழல்களும் அதில் உண்டு.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆத்தங்குடிக் கல் நினைவுக்கு வந்தது. கடல் கடந்து வந்த பூக்கல்லைப் பார்த்து, நம் ஆட்கள் உள்ளூர் மணலையும் கண்ணாடிப் பலகையையும் கொண்டு அதைவிடக் குளிர்ந்த தளத்தைச் செய்துவிடவில்லையா?

செரா சுவாமி 1832-ல் இறந்தார். அவருடைய ஆர்கனுக்கு அதன்பின் கஷ்ட காலம். நிலநடுக்கம் ஆட்டியது, புயல் அடித்தது, கூரை சேதப்பட்டு மழை உள்ளே இறங்கியது. குழல்களைக் கழற்றிச் சக்கிறீஸ்தில் அடுக்கி வைத்தார்கள். பாதி செத்தும் பாதி உயிரோடும் அது பல காலம் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்துக் குருக்கள் ஓரளவு பழுது பார்த்தார்கள். கடைசியில் 1973-ல் முழுவதையும் பெட்டியில் கட்டி ஜெர்மனியில் பான் நகரத்துக் கிளைஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே குளிர்நாட்டுக் காற்றில் மூங்கில் வெடித்துப்போகுமே என்று, பிலிப்பைனில் இருக்கிற வெப்பமும் ஈரமும் உள்ள தனி அறை ஒன்று ஏற்பாடு செய்து அதற்குள் வைத்து வேலை பார்த்தார்கள். 1975 மார்ச்சில் ஆர்கன் ஊருக்குத் திரும்பியது. மே 9-ல் மறுபடி பாடியது. அடுத்த வருஷம் முதல் ஒவ்வொரு வருஷமும் அங்கே ஆர்கன் திருவிழா நடக்கிறது.

அதோடு அந்த ஊரார் நிறுத்தியிருந்தால் ஐம்பது வருஷத்தில் மறுபடி பெட்டி கட்டி ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டி வந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தங்கள் ஊர் வாலிபர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஆர்கன் செய்யும் தொழிலைக் கற்க வைத்தார்கள். அவர்கள் திரும்பி வந்து, 1994-ல் சொந்த ஊரிலேயே தொடங்கிய பட்டறைதான் தியேகோ செரா பட்டறை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த கைத்தொழில் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர்க் கோவிலின் லண்டன் ஆர்கன் அந்த வாலிபர்கள் கைக்கு வந்த வரலாறு இதுவே.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமக் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சக்கிறீஸ்துக்குப் பின்னால், பழைய சப்பரக் கால்களுக்கும் ஓட்டை வாளிக்கும் நடுவில் ஒரு கால்பெட்டி கிடந்தது. துருத்தித் தோலில் எலி குட்டி போட்டிருந்தது. கட்டைகளில் பாதி உட்கார்ந்தது எழும்பவில்லை. கோவில்பிள்ளை எழுபதைத் தாண்டியவர். "எங்க ஐயா இதை மிதிப்பார், தம்பி. பாட்டு ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்" என்றார். ஏன் பழுது பார்க்கவில்லை என்றேன். பார்க்கத் தெரிந்த ஆசாரி செத்துப்போனார், அவர் பிள்ளை தொழிலுக்கு வரவில்லை என்றார். அன்று மாலைப் பூசைக்கு வாடகைக்கு எடுத்த கீபோர்டு வாசித்தார்கள். வாசித்த பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் தாளப் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒலிபெருக்கியைக் காதருகில் வைத்து அவன் வாசித்தபோது, கோவிலில் இருந்தவர்கள் வாய் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். ஆராதனைப் பாட்டு முடிவதற்குள் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாடற்குழுவில் நாலு பெண்கள்தான். மறு வருஷம் போனபோது அந்தக் கால்பெட்டியும் இல்லை. பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டுவிட்டார்களாம். என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.

கீபோர்டு பாவமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை. அர்ச். பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1903-ம் வருஷம் நவம்பர் 22-ல், அர்ச். செசிலியம்மாள் திருநாளில், கோவில் சங்கீதத்தைப் பற்றி ஒரு கட்டளை வெளியிட்டார். பியானோவையும் இரைச்சலான வாத்தியங்களையும் கோவிலில் கூடாது என்றார். அதோடு, பாட்டுக்குத்தான் முதலிடம், ஆர்கன் பாட்டைத் தாங்க வேண்டுமே தவிர அமுக்கிவிடக் கூடாது என்றும் விதித்தார். ஆர்கனுக்கே இந்த விதி என்றால் பாருங்கள்! இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-ல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தில், குழல் ஆர்கனுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அந்தந்த நாட்டு அதிகாரிகள் சம்மதித்தால், புனித காரியத்துக்குப் பொருத்தமான வேறு கருவிகளையும் ஏற்கலாம் என்று வழி திறந்தது. நம் ஆர்மோனியமும் மிருதங்கமும், ஏன், கீபோர்டும் இந்த வாசல் வழியாகத்தான் நிற்கின்றன. கருவி எதுவானாலும், பின்வரிசையில் நிற்கிற கிழவியின் குரல் அவளுக்கே கேட்க வேண்டும். அவள் பாடுவதை நிறுத்திவிட்டால் வாசிப்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பாடற்குழுப் பிள்ளைகள் பூசை நடுவில் ஒருமுறை திரும்பி அவள் வாயைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தச் சிறுவனுக்கு நான் சொல்ல வேண்டிய மீதிப் பதில் இது: குழல் ஆர்கன் நமக்கு வராமல் போனதற்குப் பணம் ஒரு காரணம், சரிசெய்யத் தெரிந்த ஆள் இல்லாமற்போனது அதைவிடப் பெரிய காரணம். இன்று நம்மிடம் இருக்கிற கைப்பெட்டிக்கும் அதே ஆபத்து வந்து நிற்கிறது. ரீட் சீவிச் சுருதி சேர்க்கிறவர்கள் நம் பக்கத்தில் குறைந்துகொண்டே போகிறார்கள். பெட்டி வாங்க உபயகாரர் கிடைக்கிறார்கள். துருத்திக்குத் தோல் ஒட்ட யாரும் உபயம் செய்ததாக நான் கேட்டதில்லை.

பெரிய வித்தை தேவையில்லாத சில வேலைகளை நாமே செய்யலாம். பெட்டியைத் தரையோடு வைக்காமல் பலகைமேல் வைப்பது. மழைக்காலத்தில் சுவரோரம் விடாமல் தள்ளி வைப்பது. வாசித்து முடிந்ததும் ஸ்டாப்புகளைத் தள்ளி, துருத்தியை மூடிக் கொக்கி மாட்டி, துணியால் போர்த்துவது. பூச்சி வராதபடி வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து உள்ளே போடுவது. வாரம் முழுவதும் சும்மா கிடந்தால் தோல் விறைத்துப்போகும். ஆகையால் வாசிக்காத நாளிலும் பத்து நிமிஷம் ஊதிவிட வேண்டும். ஏதாவது ஒரு கட்டை விடாமல் கத்தினால் அடித்து அமுக்காதீர்கள். பெரும்பாலும் மூடிக்கு அடியில் ஒரு தூசியோ, செத்த பூச்சியோ சிக்கியிருக்கும்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலைக்குப் பின் நம் ஆர்மோனியத்தின் மேல்பலகையைத் திறந்து சுத்தம் செய்யப்போகிறோம். பெரிய பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் கூட நின்று பார்க்கலாம். கேள்வி கேட்ட சிறுவன் அவசியம் வரவேண்டும். வருகிறவர்கள் மெல்லிய தூரிகை ஒன்றும் பழைய வெள்ளை வேட்டித் துணியும் கொண்டுவரவும். தோல் ஒட்டத் தெரிந்த பெரியவர் யாராவது பங்கில் இருந்தால் ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் கோவில்பிள்ளையிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.